நாற்பத்தொன்பதாம் நாள்

தைப்பூசத்துக்கு மாலை போட்டுக்கொண்டவர் 48 நாள் குடிப்பதில்லை. குவாலா சிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தானோ ஜெராமோ ஈஜோக்கோ, எந்தத் தோட்டத்தில் விசாரித்தாலும் இப்படி ஒருவரைக் காட்டுவார்கள். வருடம் முழுக்கச் சாயங்காலமானால் நிதானத்தில் இல்லாதவர், விரதம் பிடித்த அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தொடமாட்டார். தெருமுனைக் கூட்டாளிகள் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார். காவடி இறக்கி, மாலையும் கழற்றியாகிவிட்டால், நாற்பத்தொன்பதாம் நாள் அதே இடத்தில் பழைய ஆளாக உட்கார்ந்திருப்பார்.

பக்தர்களிடம் இதற்கு விளக்கம் உண்டு. 48 நாள் முருகன் காப்பாற்றினான். அப்புறம் கெட்டது இவன் புத்தி. நம் பகுத்தறிவாளர்களிடமும் ஒரு விளக்கம் உண்டு. 48 நாள் முடிந்தவனுக்கு 365 நாளும் முடியும். சாமிக்குப் பயப்படுகிறவன் பெண்டாட்டி பிள்ளைக்குப் பயப்படவில்லை, அவ்வளவுதான். ஒருவர் திருநீறு பூசியிருக்கிறார், மற்றவர் கறுப்புச் சட்டை போட்டிருக்கிறார். எழுதும் தீர்ப்பு ஒன்றுதான்: குற்றவாளி அந்த ஆள்.

அந்த 48 நாளில் அவர் உடம்புக்கு என்ன நடந்தது என்று இருவருமே கேட்கவில்லை. பக்தர் கேட்காததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. கடவுள் இல்லை என்பவருக்குத்தான் இங்கே வேலை இருந்தது. முருகன் செய்யவில்லை என்றால் வேறு ஏதோ ஒன்று செய்திருக்கிறது. அது என்ன?

விரதத்தைப் பக்தியை ஒதுக்கிவிட்டு வெறும் உடம்பின் கணக்காகப் பாருங்கள். விடியுமுன் ஒரே நேரத்தில் எழுகிறார். தலையில் குளிர்ந்த தண்ணீர். தினமும் ஒரே நிறத் துணி, அதுவும் உடம்பை இறுக்காத வேட்டி. ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சைவச் சாப்பாடு. வெறுங்கால், தரையில் பாய். விரலில் உருட்ட மணி, வாயில் திரும்பத் திரும்ப ஒரே சொல். இவையெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊர் அவரிடம் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுகிறது. ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள். தோளில் கைபோட்டு இழுப்பதில்லை. கல்யாண வீட்டு ஸ்பீக்கர் முன்னால் உட்கார வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. பேசாமல் மூலையில் இருந்தால் “ஏன் உர்ரென்று இருக்கிறாய்” என்று யாரும் கேட்பதில்லை. முகத்தைப் பார்க்காமல் பேசினாலும் விரதத்தில் இருக்கிறார் என்று விட்டுவிடுகிறார்கள்.

மாலை கழன்றதும் இந்தச் சலுகை அத்தனையும் ஒரே நாளில் பறிபோகிறது. குடி திரும்பி வருவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இந்தக் கட்டுரை எல்லாக் குடிகாரர்களையும் பற்றியதல்ல. அவர்களுக்குள் ஒரு பகுதியினரைப் பற்றியது; பிறக்கும்போதே நரம்பு வேறு மாதிரி அமைந்தவர்கள். ஆட்டிசம், ஏடிஎச்டி என்ற பெயர்கள் இன்று நம் வாட்ஸ்அப் குழுக்களிலும் புழங்குகின்றன, ஆனால் எப்போதும் குழந்தைகளைப் பற்றித்தான். ஆட்டிசம் உள்ள குழந்தை 50 வயதில் என்ன ஆகும் என்று கேட்டால், ஏதோ குணமாகிப் போயிருக்கும் என்பதுபோல விழிக்கிறோம். இன்று 50 வயதிலிருக்கும் தோட்டத்து ஆள் 1980களில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த பெயர்கள் மந்தம், அரைக்கிறுக்கு, ‘ஒரு மாதிரி’. சிகிச்சை, ரோத்தான் பிரம்பு.

இந்த நரம்பமைப்பில் புலன்கள் உலகை வாங்கும் அளவே வேறு. சிலருக்குக் காற்றாடிச் சத்தம் மண்டைக்குள் சுற்றும். சட்டைக் காலரின் துணிச்சீட்டு நாள் முழுக்க அறுக்கும். சிலருக்கோ எதுவுமே போதுமான அளவு எட்டாது. அடி, வேகம், காரம், இரைச்சல் என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். அமெரிக்காவின் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏயர்ஸ் 1970களிலேயே இதைப் பற்றி எழுதினார். 1997இல் அதே துறையைச் சேர்ந்த வின்னி டன் இந்த இரு போக்குகளையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தார். ஆனாலும் ஆட்டிசத்தைக் கண்டறியும் அமெரிக்க மனநலக் கையேட்டின் அளவுகோல்களில் புலன் மிகையும் புலன் குறையும் இடம்பெற 2013 வரை ஆயிற்று. நம் ஆளுக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கியிருக்கும். குடிக்க ஆரம்பித்து இருபது வருடம் ஆகியிருக்கும்.

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு ஏடிஎச்டி இருக்கிறது? பல நாடுகளில் நடந்த 29 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுத் தொகுப்பு சுமார் 23 சதவீதம் என்றது. நாலு பேரில் ஏறக்குறைய ஒருவர். ஸ்வீடன் நாட்டின் மக்கள் பதிவேடுகளை வைத்துச் செய்த 2017ஆம் ஆண்டு ஆய்வு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மது, போதைப்பொருள் தொடர்பான சிக்கல் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது. ஆட்டிசம் உள்ளவர் ஒதுங்கியே இருப்பார், அவருக்கு ஏது குடி என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். ஓயாமல் அலறும் உலகத்தின் சத்தத்தைக் குறைக்கும் திருகு ஒன்று சில வெள்ளிக்குக் கிடைக்கிறது என்றால் யார் வாங்கமாட்டார்கள்? மது மூளையின் அடக்கும் சமிக்ஞையைக் கூட்டுகிறது. தூண்டும் சமிக்ஞையைக் குறைக்கிறது. முதல் கிளாசில் காற்றாடி அடங்குகிறது. இரண்டாவதில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது. மற்றவர்கள் மகிழ்ச்சிக்காகக் குடித்தபோது, இவர் மற்றவர்களைப் போல இருப்பதற்காகக் குடித்தார். வேதனையைத் தணிக்கத் தானே தேடிக்கொண்ட மருந்தாகப் போதையைப் பார்க்கலாம் என்று மனநல மருத்துவர் எட்வர்ட் கான்சியன் 1985இல் எழுதினார். அதை எல்லாருக்கும் பொருத்த முடியாது என்று மறுத்தவர்கள் உண்டு. நானும் எல்லாருக்கும் பொருத்தவில்லை.

மூளை சும்மா இருப்பதில்லை. வெளியிலிருந்து தினமும் அடக்கம் வருகிறதே என்று தன் சொந்த அடக்கத்தைக் குறைத்துக்கொள்கிறது, தூண்டலைக் கூட்டிக்கொள்கிறது. குடியைச் சட்டென்று நிறுத்தினால் அந்தத் தூண்டல் கட்டவிழ்ந்து ஓடுகிறது. இதை அளக்க மருத்துவமனைகளில் ஒரு வினாத்தாள் பயன்படுகிறது. 1989இல் வெளியானது, பத்தே கேள்விகள். நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம் பற்றியெல்லாம் கேட்கும் அந்தத் தாளில் மூன்று கேள்விகள் நேரடியாகப் புலன்களைப் பற்றியவை. தோலில் ஊறுகிறதா, குத்துகிறதா, எரிகிறதா? சத்தங்கள் கூர்மையாகக் கேட்கின்றனவா, திடுக்கிட வைக்கின்றனவா? வெளிச்சம் அதிகமாகத் தெரிகிறதா, கண்ணை வலிக்கச் செய்கிறதா?

அந்த மூன்று கேள்விகளையும் மறுபடி படித்துப் பாருங்கள். நெடுநாள் கடுமையாகக் குடித்து நிறுத்தும் பலரும் சில நாள் தோல் உரிந்த நரம்போடு நடமாடுகிறார்கள். பெரும்பாலோருக்கு நாட்கள் செல்லச் செல்ல அது அடங்குகிறது. நரம்பமைப்பு வேறானவருக்கு அது முழுதாக அடங்காமலே போகலாம். அவர் திரும்பிச் சேரும் இடம், பதினெட்டு வயதில் எதிலிருந்து தப்பிப்பதற்காக முதல் கிளாசை எடுத்தாரோ அதே இடம். அவரைப் பார்த்துத்தான் “நிறுத்தி மூன்று மாதம் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய்” என்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. பல வருடம் கடுமையாகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். மாலை போட்டோ சபதம் எடுத்தோ நிறுத்தும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாலை போட்ட பிறகு வரும் கைநடுக்கத்தைச் சாமி சோதிக்கிறது என்று எடுத்துக்கொண்டு பாயில் கிடப்பவரை, தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கோ அருகிலிருக்கும் கிளினிக்குக்கோ தூக்கிப்போவதுதான் அன்றைய பக்தி.

இந்த மண்ணில் குடிக்கெதிரான போராட்டம் நேற்று முளைத்ததல்ல. 1941இல் கிள்ளான் பக்கத் தோட்டங்களில் தொடங்கிச் சிலாங்கூரின் மற்ற இடங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கத்துக்கு முடிவு ஆகியவற்றோடு, கள்ளுக்கடையை மூடு என்பதும் கோரிக்கையாக இருந்தது. தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து உள்ளே போட்டு, பிறகு நாடுகடத்தினார்கள். பட்டாளம் வந்தது, தொழிலாளிகள் சுடப்பட்டு இறந்தார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்று போலீசின் அடி வாங்கியது. அவர்களின் கோபம் நியாயமானது. தோட்டத்துக் கள்ளுக்கடையில் தொழிலாளி கொட்டிய காசு அரசின் கலால் வரியாகப் போனது. தோட்டக் கடைகளின் லாபத்தில் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு நிதி. அதிலிருந்து கோயிலுக்கும் திருவிழாவுக்கும் பணம். தொழிலாளியைக் குடிக்கவைத்து, அந்தக் காசிலேயே அவன் அம்மனுக்குக் கொட்டடித்த கணக்கு அது. நிர்வாகத் திறமை என்றால் இதுதான்.

ஆனால் அந்தப் போராட்டத்தின் வாரிசுகள் முதலாளியை நோக்கி நீட்டிய விரலை மெல்லத் திருப்பிக் குடிக்கிற ஆளின் மார்புக்கு நேரே வைத்துவிட்டார்கள். பெரியார் 1929 கடைசியிலும் 1954 கடைசியிலும் இங்கே வந்துபோனவர். அவர் கதையைச் சீர்திருத்த மேடைகளில் பாதியோடு நிறுத்திவிடுவது வழக்கம். காங்கிரசில் இருந்த காலத்தில், கள்ளுக்கு எதிராகத் தன் தோப்பிலேயே 500க்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதே மனிதர் பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக விமர்சித்ததைச் சொல்லமாட்டார்கள். வெட்டிய மரத்தைக் காட்டிலும், வெட்டிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாரிசுகள் என்ன செய்தோம்? மண்டபம், டியூப் லைட், கரகரக்கும் மைக், இரண்டு மணி நேரப் பேச்சு. தலைப்பு, ‘குடி குடியைக் கெடுக்கும்’. முதல் வரிசையில் உட்காரவைக்கப்பட்ட அந்த ஆள் பாதியில் எழுந்து போய்விட்டால், “பார்த்தீர்களா, உண்மை சுடுகிறது!”

சுட்டது மைக்காக இருக்கலாம்.

பால்மரக் காட்டு வேலையை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். விடியுமுன் பிரட்டு எனும் ஆள்கணக்கு. அப்புறம் தலையில் விளக்கு, கையில் உளி, தனக்கென்று ஒதுக்கிய நிரையில் சில நூறு மரங்கள். மரத்துக்கு மரம் அதே வெட்டு, அதே கோணம், அதே மங்கு. பேச்சுத்துணை வேண்டாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அடுத்து என்ன என்ற குழப்பமே இல்லை, அடுத்தது இன்னொரு மரம். வெயில் ஏறும்முன் வெட்டு முடியும். அப்புறம் கனமான பால் வாளிகளைத் தூக்கி நடை. கூலியும் கொசுவும் பாம்பும் லயத்து வாழ்க்கையும் எப்படி இருந்தன என்று தெரிந்தவன் இதைச் சொர்க்கம் என்று எழுதமாட்டான். ஆனால் ஒருவகை நரம்புக்கு இதைவிடப் பொருந்திய வேலையை ஒரு நிபுணர் உட்கார்ந்து திட்டமிட்டாலும் கண்டுபிடிப்பது கடினம். ‘ஒரு மாதிரி’ என்று பெயர் வாங்கியவர் காட்டில் முதல்தர வெட்டுக்காரராக இருந்தார் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த வேலை போய்விட்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இதே குவாலா சிலாங்கூர் மாவட்டத்தில், பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. பிறகு வந்த பல பத்தாண்டுகளில் ரப்பர் நின்ற இடங்களைச் செம்பனை விழுங்கியது. செம்பனை நின்ற இடங்களில் பலவற்றை வீடமைப்பும் தொழிற்பேட்டையும் விழுங்கின. பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. லயத்திலிருந்து வெளியேறியவர்கள் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். லயம் சொர்க்கமில்லைதான், ஆனால் அங்கே காதை மூடிக்கொள்ள ஒரு தோட்டம் பக்கத்தில் இருந்தது. அடுக்குமாடியில் மேல்வீட்டு நாற்காலியும் கீழ்வீட்டுத் தொலைக்காட்சியும் நமக்கே சொந்தம். வேலையும் மாறியது: தொழிற்சாலையில் மாறிமாறி வரும் ஷிப்ட், கண் கூசும் விளக்கு, விட்டுவிட்டு அலறும் மணி. குடி ஏன் கூடியது என்று ஆராய்கிறவர்கள் வறுமையையும் வேரறுந்த நிலையையும் எழுதுகிறார்கள், சரிதான். இரைச்சலையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதே மாவட்டத்தில் கம்போங் குவாந்தான் என்ற ஊர் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ராத்திரி மின்மினிகள் கூட்டமாக ஒளிவிடும். பார்க்க உலகமே வருகிறது. அங்கே வழக்கமாகத் துடுப்புப் படகில்தான் போவார்கள். கேமராவின் பிளாஷ் கூடாது, டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. காரணம் விஞ்ஞானமே: செயற்கை வெளிச்சம் மின்மினியின் ஒளிச் சமிக்ஞையைக் குலைக்கிறது, இணை தேட முடியாமல் போகிறது, கூட்டம் அழிகிறது. எவ்வளவு பெரிய சுற்றுலாப் பயணி வந்தாலும் விதி விதிதான். மின்மினியிடம் யாரும் “கொஞ்சம் சமாளித்துக்கொள், மற்ற பூச்சியெல்லாம் இருக்கவில்லையா” என்று சொல்வதில்லை.

அடங்கிய சூழல் எல்லாருக்கும் மருந்து என்று நான் சொல்வதாக நினைத்தால் அதுவும் தவறு. இரண்டாவது வகை நரம்பை மறந்துவிடாதீர்கள். அதற்கு உறுமி மேளம் வேண்டும். நம் இளைஞர்கள் உறுமியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் வியர்த்து வழிய அடிக்கும்போது, சீர்திருத்தவாதிகள் முகம் சுளிக்கிறார்கள். அதிர்வு நெஞ்செலும்பில் இறங்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மூளை நிற்கும் நேரமாக இருக்கக்கூடும். காவடியும் அப்படித்தான். மொரீஷியசின் தமிழர்கள் தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பதை டிமிட்ரிஸ் ஸிகலாடாஸ் குழுவினர் கருவிகளோடு பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்டார்கள். உடல்நலத்துக்கு நீடித்த கேடு எதையும் அவர்கள் காணவில்லை. காவடி எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிடத் தங்கள் வாழ்வு மேம்பட்டதாக உணர்ந்தார்கள். அதிக வலியைத் தாங்கியவர்களிடம் அந்த முன்னேற்றம் அதிகம். அலகை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நம்பிக்கை மூடமானதாகவே இருக்கட்டும், உடம்பில் நடந்தது நிஜம். அதைக் கோயிலிடம் மட்டும் விட்டுவைத்தது நம் தோல்வி.

அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் ஆட்டிசம் உள்ளவர், கால்நடை விஞ்ஞானி. பதின்வயதில் அத்தையின் பண்ணையில், ஊசி போடும்போது மாட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்தார். மிரண்ட மாடுகளில் சில அழுத்தத்தில் அமைதியாவதைக் கவனித்தார். தனக்கும் அப்படி ஒன்றைப் பலகையால் செய்துகொண்டார். கட்டிப்பிடித்தால் திமிறுகிறவருக்கு, தானே அளவு வைத்துக்கொள்ளும் அழுத்தம் பதற்றத்தைத் தணித்தது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது இதுதான்: தன் உடம்பைத் தானே சோதித்துப் பார்த்தார்.

குடியை விட்டவருக்குத் தேவைப்படுவது இந்தச் சோதனைக்கான உரிமை. பெரும்பாலும் செலவில்லாத காரியங்கள்தான். தலையில் துண்டை இறுக்கிக் கட்டுவது. வெட்டுக்காரர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்தது. சாயங்காலம் ஆசை கிளம்பும் நேரத்துக்கு அரைமணி முன்பே கனம் தூக்குவது, மண் வெட்டுவது, வாளி வாளியாகத் தண்ணீர் சுமப்பது. குளிர்ந்த நீர். மெல்லுவதற்கு ஐஸ் கட்டி, இஞ்சி, புளிப்பு மாங்காய். பாக்கு மட்டும் வேண்டாம். அது புற்றுநோய் தரும், அதற்கும் அடிமையாவோம். தொழிற்சாலையில் தரும் நுரை அடைப்பான்களைக் காதில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது. தொப்பியைக் கண்ணுக்கு இறக்கிக்கொள்வது. கால் ஆட்டினால் ஆட்டிவிட்டுப் போகட்டும். ஊஞ்சலில் பெரியவர் ஆடினால் சிரிக்காமலிருப்பது நம் பங்கு.

இவற்றுக்கெல்லாம் எவ்வளவு சான்று? எல்லாவற்றுக்கும் சமமாக இல்லை. எடையேற்றிய போர்வையை வைத்து ஸ்வீடனில் 120 மனநோயாளிகளிடம், ஏடிஎச்டி உள்ளவர்களையும் சேர்த்து, நடத்திய சோதனை 2020இல் வெளியானது. நான்கு வாரத்தில் தூக்கமின்மை நன்றாகவே குறைந்தது. துண்டுக்கும் ஐஸ் கட்டிக்கும் அந்த அளவுக்குச் சோதனை கிடையாது. இவை குடியை நிறுத்தும் மருந்துமல்ல. ஏடிஎச்டிக்கு மருத்துவர் தரும் மருந்து உண்டு, குடிவெறியைக் குறைக்கும் மாத்திரை உண்டு, ஆலோசனை உண்டு. அவற்றுக்குப் பதிலாக இதை வைக்கிறவன் புது மந்திரவாதி. ஆனால் ஐஸ் கட்டி மெல்லுவதற்கு முன் சான்றிதழ் கேட்கிற நாம், ‘மனசு வைத்தால் நிறுத்தலாம்’ என்ற அறிவுரைக்கு என்ன சான்று என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா?

மீட்சிக் கூட்டங்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்த முறை உலகெங்கும் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. வட்டமாக உட்கார், கண்ணைப் பார்த்துப் பேசு, உன் கதையை எல்லார் முன்னும் சொல், முடிவில் கைகோத்துக்கொள். ஆட்டிசம் உள்ளவருக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு தடை. வராமல் போனால், திருந்த விருப்பமில்லை என்று எழுதிக்கொள்வார்கள். போதைப்பொருள் விஷயத்தில் மலேசிய அரசே கட்டாயப்படுத்தியது: 1983ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு வருடம் மறுவாழ்வு மையம், அடுத்த இரண்டு வருடம் கண்காணிப்பு என்றது. பலர் ஒன்றாகப் படுக்கும் கூடத்தில் தூங்க முடியாத நரம்பைப் பற்றி எந்தச் சட்டமும் யோசிப்பதில்லை. கட்டாய மையங்களை மூடுங்கள் என்று ஐநா அமைப்புகள் 2012இல் கூட்டாகக் கேட்டுக்கொண்டன.

இப்போது மறுபக்கம். “அப்படியென்றால் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்ததும் நரம்புதானா?” என்று ஒரு பெண் கேட்டால், அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அடித்தது குற்றம், அதற்குத் தண்டனை உண்டு, அவர் பாதுகாப்பாக வெளியேற வழியும் வேண்டும். காரணம் தெரிவதால் காயம் ஆறாது. இன்னொன்றும் உண்டு. இத்தனை காலம் அந்த வீட்டின் ஒலி அளவைப் பார்த்துக்கொண்டது அவர்தான். “அப்பா வந்துட்டாரு, டிவியைக் குறைங்கடா” என்று பிள்ளைகளை அடக்கியது, சட்டியை ஓசையில்லாமல் இறக்கியது எல்லாம் சம்பளமில்லாத வேலை. கணவர் குடியை விட்டதும் அந்த வேலை இரண்டு மடங்காகிறது. மனைவியின் நரம்பு எப்படி அமைந்தது என்று யார் பார்த்தார்கள்? ஆட்டிசமும் ஏடிஎச்டியும் பெண்களுக்கும் உண்டு. ஒழுங்காகச் சமைத்து, வாய் திறக்காமல் இருந்தால் நம் ஊரில் அது நோயில்லை, நற்குணம்.

ஆகவே அந்த மனைவியின் வீட்டுக்குள்ளேயே ஓர் அமைதியறை கட்டச் சொல்லும் யோசனையை நான் ஏற்கவில்லை. மூன்று அறை அடுக்குமாடியில் அதற்கான இடத்தைப் பிள்ளைகளின் படிப்பிலிருந்துதான் திருட வேண்டும். வெளியே இடம் வேண்டும். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பதுவரை, ஆசை அதிகமாக நெரிக்கும் அந்த மூன்று மணி நேரத்துக்கு, விளக்கைக் குறைத்த ஒரு கூடம். பாய், கனமான மணல் மூட்டை நாலு, ஒரு ஊஞ்சல், ஒரு தண்ணீர்த் தொட்டி. பேச வேண்டிய கட்டாயம் இல்லை. உபதேசம் செய்ய யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும் சேர்த்து. பின்கட்டில் வேறொரு நாள் உறுமிக்காரர்கள் வரட்டும்.

இடத்துக்குப் பஞ்சமும் இல்லை. அநேகமாக எல்லாத் தோட்டத்துக் கோயிலுக்கும் ஒரு மண்டபம் உண்டு. வெள்ளிக்கிழமை பூஜைக்கும் வருடத் திருவிழாவுக்கும் திறப்பார்கள். திங்கள் முதல் வியாழன் வரை அது பூட்டியே கிடக்கிறது. சாவி நிர்வாகச் செயலாளரிடம் இருக்கிறது. கறுப்புச் சட்டைக்காரர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டத் தயாரா, தட்டினால் அவர் திறப்பாரா என்பதுதான் இப்போதைக்குக் கேள்வி.